கன்னையாவைக் குறைத்த சங்கம்

கன்னையாவைக் குறைப்பது என்று சங்கம் எடுத்த முடிவு ஏகமனதானது. கன்னையாவின் எடையை அல்ல, கன்னையாவை. அது ஓர் உடல் மெலிவுச் சங்கம் என்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

எல்லாம் போர்ட் கிள்ளானில், கம்பெனி டாக்டரின் அறையில் தொடங்கியது.

கன்னையா கண்டெய்னர் லோரி டிரைவர். லோரியின் ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகினால் கீழே விழாது. டாக்டர் தராசைப் பார்த்தார். பிறகு கன்னையாவைப் பார்த்தார். தராசு பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டார்.

"நூத்துப் பதினெட்டு. பிரஷர் வேற. என்னா சாப்பிடுற?"

"எல்லாம்தான் டாக்டர்."

"தெரியுது. இந்தா பாரு கன்னையா, வருசக் கடைசி மெடிக்கல்ல நீ நூறுக்கு மேல மூணு நம்பர் காட்டினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு நம்பர் காட்டு, லோரி சாவியை வாங்கிக்க. இல்லன்னா கிடங்குல நாற்காலி போட்டு உக்கார வெச்சிடுவாங்க."

நாற்காலி என்ற சொல் கன்னையாவை உலுக்கியது. இருபது வயதில் லோரியில் ஏறியவர். தரையில் உட்கார்ந்து பிழைப்பதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

"இறைச்சி, பொரிச்ச மீனை எல்லாம் விடு. கீரை, பயறு, கிழங்கு, தாவுன்னு விக்கிற சோயாக் கட்டி சாப்பிடு. தனியா செய்யாதே, பாதியில விட்டுடுவ. இதே மாதிரி நாலு பேரோட சேந்து செய்" என்றார் டாக்டர்.

நல்ல யோசனைதான். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாலு பேர் ஒரு கமிட்டியாக இருப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

*

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது 'தாவர உணவு உடல் மெலிவோர் பரஸ்பரத் துணைச் சங்கம்'. பெயர்ப்பலகை வாசலை விட நீளம். உள்ளே ரயில்வே பார்சல் ஆபீசில் கழித்துப்போட்ட தராசு ஒன்று சிம்மாசனம்போல் நின்றது. சனிக்கிழமை தோறும் உறுப்பினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் வரிசையில் நிற்பார்கள். செருப்பின் எடைக்காக அல்ல, மரியாதைக்காக.

தலைவர் சிவசம்பு அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அலுவலகத்துக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. முழுக்கைச் சட்டை, கழுத்துப்பட்டை, அதற்குக் கீழே கன்னையாவுக்குப் போட்டியாக ஒரு வயிறு.

"தலைவர் தராசுல ஏற மாட்டாரா?" என்று முதல் நாளே கன்னையா பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். கேள்வி மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"நிர்வாகிகள் தராசில ஏறுறதில்லை" என்றார் சிவசம்பு. "எடை பார்க்கிறவரே தராசில ஏறிவிட்டால் முள்ளை ஆர் பார்க்கிறது? இது பொறுப்பு சம்பந்தமான விசயம் கண்டீரோ."

எல்லாரும் தலையாட்டினார்கள். எடை போட்டு முடிந்ததும் பலகாரம் வந்தது. உளுந்து வடை, கேசரி, தேங்காய்ப்பால் பாயசம். கன்னையா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"சாப்பிடும் கன்னையா. எல்லாம் தாவரம்" என்றார் சிவசம்பு. "உளுந்து தாவரம். எண்ணெய் தாவரம். சீனி எங்கேயிருந்து வருது? கரும்பு. கரும்பு எண்டால் என்ன? ஒரு வகைப் புல். புல்லைச் சாப்பிட்டு ஆராவது உடம்பு வைத்ததுண்டோ?"

"யானை, சார்" என்றார் கன்னையா.

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. ஞாபகம் வந்தது, சொன்னார். செயலாளர் குணபூசணி டீச்சர், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், பேனாவை எடுத்து 'சங்கக் கொள்கைக்கு முரணான விலங்கு குறிப்பிடப்பட்டது' என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்.

ஆனாலும் அந்தச் சங்கத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாவி.

அதற்குத் துணை என்று பெயர். ஒவ்வொரு உறுப்பினருக்கும் இன்னோர் உறுப்பினர் துணை. பசி தாங்கவில்லையா, துணைக்குப் போன் பண்ணு. வாய் தவறிவிட்டதா, துணையிடம் சொல்லு. துணையிடம் சொன்னது துணையோடு போகும். அதே சமயம் உறுப்பினர் ஒருவரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் துணையின் வாக்கே இறுதி. இதுவும் சட்டம். இரண்டு விதிகளும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில்லை.

கன்னையாவுக்குத் துணையாக வந்தவர் ராதாகிருஷ்ணன். சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கிளார்க். கிள்ளானில் கன்னையாவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. உடம்பில் கன்னையாவுக்கு அடுத்தபடி. வாய் ஓயாது.

"ரெண்டு பேரும் சேந்தா ஒரு கண்டெய்னர் வரும்லா" என்றார் ராதாகிருஷ்ணன், கை கொடுத்தபடி. "நீ என்னைக் குறை, நான் உன்னைக் குறைக்கிறேன்."

அவர் சொன்னது பின்னால் எப்படிப் பலித்தது என்பதுதான் இந்தக் கதை.

*

சனிக்கிழமைகளில் இருவரும் ராதாகிருஷ்ணனின் பழைய ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிளில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போவார்கள். சுங்கை வே தாண்டி வரும் ஏற்றத்தில் ஹோண்டா பெருமூச்சு விட்டு நின்றுவிடும். கன்னையா இறங்கி நடப்பார். மேலே ராதாகிருஷ்ணன் காத்திருப்பார். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் இருவரையும் பார்த்துவிட்டு வணக்கம் வைத்துப் போவார்கள்.

விடியற்காலையில் கிள்ளான் பாடாங் திடலைச் சுற்றி நடை. மாலையில் பசி வந்தால் பொதுத் தொலைபேசியிலிருந்து போன்.

"ராதா, நான் கன்னையா பேசறேன்."

"எங்க இருக்க?"

"போர்ட் கேட்டு. எதிர்ல சாத்தே கடை, கோழியைக் குச்சியில குத்திச் சுடுறான்."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"எம்பக்கம்தான்லா."

"திரும்பி நில்லு. பையில அவிச்ச கிழங்கு இருக்கா? கடி. கடிச்சிட்டுப் பேசு."

"கடிச்சிட்டேன்."

"எப்படி இருக்கு?"

"கிழங்கு மாதிரி இருக்கு."

"சரி, இப்ப அந்த சாத்தேக்காரனை நல்லா பாரு. உன் லோரி சாவி அவன் பாக்கெட்டுல இருக்குன்னு நினைச்சுக்க. ஒவ்வொரு குச்சி தின்னாலும் அவன் அதை இன்னும் உள்ள தள்ளுறான். தெரியுதா?"

"தெரியுது."

"என்ன பண்ணப் போற?"

"வீட்டுக்குப் போறேன்."

"நல்ல பிள்ளை. போ."

இப்படித்தான் நடந்தது. வடை கொடுத்த கமிட்டியால் அல்ல, போனை எடுத்த ராதாகிருஷ்ணனால் கன்னையா இளைத்தார். வீட்டில் மனைவி நல்லம்மாள் கங்கோங் கீரையும் பச்சைப் பயறும் சோயாத் தெம்பேயும் மாற்றி மாற்றிச் சமைத்தாள். கன்னையா முகம் சுளிக்காமல் சாப்பிடப் பழகினார். ஒரு சனிக்கிழமை ஹோண்டா அந்த ஏற்றத்தில் இருவரையும் வைத்துக்கொண்டு நிற்காமல் ஏறியது. மேலே போனதும் ராதாகிருஷ்ணன் வண்டியை ஓரம் கட்டினார். இருவரும் இறங்கிச் சாலையைத் திரும்பிப் பார்த்தார்கள். ராதாகிருஷ்ணன் பேசாமல் இருந்ததைக் கன்னையா பார்த்தது அன்றுதான்.

ராதாகிருஷ்ணனும் ஒரு நாள் நடையில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"நேத்து கேண்டீன்ல மீ கோரெங் தின்னேன். உள்ள கெராங் சிப்பி கிடந்துச்சு. எடுத்து ஓரமா வெச்சிருக்கலாம்."

"வெச்சியா?"

"வாயில வெச்சேன்."

"சரி விடு. நட."

கன்னையா அதை நல்லம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

பள்ளி விடுமுறையில் கன்னையா குடும்பமும் ராதாகிருஷ்ணனும் மோரிப் கடற்கரைக்குப் போனார்கள். பல வருடங்களுக்குப் பிறகு கன்னையா வெளியிடத்தில் சட்டையைக் கழற்றினார். வயிற்று மடிப்பு தளர்ந்து இறங்கிய இடத்தில், விலாவுக்குக் கீழே, கறுப்பாக ஒன்று தெரிந்தது.

"அட, கல்யாணமான புதுசுல பாத்தது" என்றாள் நல்லம்மாள். "இத்தினி நாளா எங்க போயிருந்துச்சு?"

"மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு" என்றார் ராதாகிருஷ்ணன். "மச்சத்தைக் கண்டெடுத்திருக்கோம். சங்கத்துக்குச் சொல்லணும்லா இதை."

அன்று சிரித்த சிரிப்பில் எல்லாருக்கும் வயிறு வலித்தது.

*

சங்கத்தில் அப்போது வேறு ஒரு வலி.

மலாயா தழுவிய நல்வாழ்வுச் சங்கங்களின் கூட்டமைப்பு என்று ஒன்று உண்டு. ஆண்டில் அதிக எடை குறைத்த சங்கத்துக்கு அது ஒரு கேடயம் கொடுக்கும். கேடயத்தை டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் வந்து கொடுப்பார். சிவசம்பு டத்தோவின் பக்கத்தில் நிற்பதற்காக ஒரு கோட் தைத்துவிட்டிருந்தார். கோட் தயார். குறைந்த எடைதான் தயாராகவில்லை.

மாதக் கூட்டத்தில் குணபூசணி டீச்சர் எழுந்து அறிக்கை வாசித்தார்.

"உறுப்பினர் சிவமலர் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போனதில் சங்கத்தின் எடை எழுபத்திரண்டு கிலோ குறைந்தது. உறுப்பினர் அந்தோனிப்பிள்ளை மாரடைப்பால் காலமானதில் எண்பத்தொரு கிலோ குறைந்தது. அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்."

எழுந்து நின்றார்கள். உட்கார்ந்தார்கள். கை தட்டினார்கள்.

கன்னையா மெல்லக் கேட்டார். "சார், செத்தவரையும் போனவரையும் சேத்துக்கலாமா? உயிரோட இருந்து குறைஞ்சவங்க கணக்குதானே கேக்கறாங்க?"

சிவசம்பு பரிவோடு சிரித்தார். "கன்னையா, போன வருசம் இந்தச் சங்கத்தின்ர மொத்த எடை ஒண்டு. இந்த வருசம் வேற ஒண்டு. நடுவில குறைஞ்சது எங்கட சாதனை. ஆள் குறைஞ்சானோ, ஆளில குறைஞ்சதோ எண்டு பிரித்துப் பார்க்கிறது குறுகிய மனப்பான்மை."

"நான் பதினஞ்சு கிலோ குறைஞ்சிருக்கேன் சார். இப்ப நூத்தி மூணு."

சங்கத்தில் வாயைக் கட்டிக் குறைந்தவர் அவர் ஒருவர்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவசம்புவும் பார்த்தார். அவர் காதில் பதினைந்து விழவில்லை. நூற்று மூன்று விழுந்தது.

கேடயத்துக்குக் குறைவது ஏறத்தாழ அவ்வளவுதான்.

*

அடுத்த வாரம் காரணம் சொல்லாமல் கன்னையாவைக் கமிட்டி விசாரணைக்கு அழைத்தது. நீள மேசை, அதன் பின்னால் தலைவர், டீச்சர், மற்றும் தூங்குவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று பேர். ஓரத்தில் சாட்சிக்கான நாற்காலியில் ராதாகிருஷ்ணன். கன்னையா அவரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். ராதாகிருஷ்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிவசம்பு யாழ்ப்பாண வழியில் வந்தவர். அவர் வீட்டில் மச்சம் என்றால் மீன், இறைச்சி. கன்னையாவின் பாட்டன் தமிழ்நாட்டிலிருந்து ரயில் தண்டவாளம் போட வந்தவர். கன்னையா வீட்டில் மச்சம் என்றால் உடம்பில் கறுப்பாக இருப்பது. இந்த இரண்டு மச்சமும் இந்த நாட்டில் மூன்று தலைமுறையாக அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை.

"உண்மையைச் சொல்லும் கன்னையா" என்றார் சிவசம்பு. "உமக்கு மச்சம் உண்டோ?"

அடையாள அட்டை எடுக்கப் போனால் இப்படித்தான் கேட்பார்கள். சங்கத்துக்கும் அடையாளம் வேண்டும்போலும் என்று கன்னையா நினைத்தார்.

"உண்டு சார்."

தூங்கிய மூவரும் விழித்தார்கள்.

"எவ்வளவு காலமாய்?"

"பொறந்ததுல இருந்து."

"சங்கத்தில சேர்ந்த பிறகுமோ?"

"சேந்த பிறகுதான் சார் நல்லா வெளிய வந்துச்சு. அதுக்கு முன்ன இருக்கறதே மறந்து போச்சு."

சிவசம்பு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "வீட்டில வேற ஆருக்கும்?"

"எங்கப்பாவுக்கு இருந்துச்சு. பெரிய மகளுக்கு ரெண்டு."

"அந்தப் பிள்ளைக்குமோ. இதை விட்டுத் தொலைக்க வேணும் எண்டு உமக்கு ஒருநாளும் தோன்றேல்லையோ?"

"டாக்டருகிட்ட கேட்டேன் சார். ஒண்ணும் பண்ணாது, அது பாட்டுக்கு இருக்கட்டும்னாரு. எங்க வீட்டுக்காரி அதுதான் ராசிங்குது."

"எங்கே வைத்திருக்கிறீர்?"

"மறைவான எடம் சார். சும்மா பாத்தா தெரியாது."

டீச்சரின் பேனா நின்றது. அவர் கன்னையாவைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தலைவர் பக்கம் சாய்ந்தார். "மிஸ்டர் சிவசம்பு, இந்த ஆக்கள் பேசுற தமிழில மச்சம் எண்டால்..."

"டீச்சர், குறிப்பு எழுதுறவர் குறுக்கிடக் கூடாது" என்றார் தலைவர். "துணையைக் கேட்போம். ராதாகிருஷ்ணன், கன்னையாவுக்கு மச்சம் உண்டு. நீர் கண்ணால கண்டீரோ?"

ராதாகிருஷ்ணன் எழுந்தார். "கண்டேன் சார்."

"எங்கே?"

"மோரிப்புல."

மோரிப்பில் சுட்ட மீன் கடைகள் வரிசையாக இருப்பது கமிட்டிக்குத் தெரியும். தெரிந்த அளவைப் பார்த்தால் அடிக்கடி போனவர்கள்போல் இருந்தது.

"எவ்வளவு பெரிசு?"

"அம்பது காசு அகலம் இருக்கும் சார்."

அப்போதுதான் டீச்சர் எழுதியதை வாய்விட்டு வாசித்தார், வேண்டுமென்றே மெதுவாக. "உறுப்பினர் மச்சம், அதாவது மீன், மாமிசம், சிறு வயது முதல் உண்டு வருவதாக ஒப்புக்கொண்டார்."

கன்னையா சிரித்துவிட்டார். "ஐயோ, அது இல்ல சார். நான் சொன்னது உடம்புல இருக்கற மச்சம். கறுப்பா, வட்டமா. இதோ காட்றேன்." சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

"பெண்கள் இருக்கிற சபையில சட்டை கழற்ற விதியில இடமில்லை" என்றார் சிவசம்பு.

"நான் வேணுமெண்டால் வெளியில போறன்" என்றார் டீச்சர்.

"செயலாளர் இல்லாமல் கூட்டம் நடக்காது."

"அப்ப ராதாவைக் கேளுங்க" என்றார் கன்னையா. இன்னும் சிரிப்பு போகவில்லை. "அவன் பாத்திருக்கான். டேய் ராதா, சொல்லுலா. மடிப்புக்குள்ள இருந்து வந்துச்சுன்னு நீதானே சொன்ன."

சபை ராதாகிருஷ்ணனைப் பார்த்தது. விதிப்படி அவர் வாக்கே இறுதி. ஒரு சொல் போதும்.

இரண்டு மச்சமும் ராதாகிருஷ்ணனுக்குத் தெரியும். சுங்கை வே ஸ்டோரில் அவருடைய மேலாளர் யாழ்ப்பாணத்தார். தினமும் மதியம் டிபனைத் திறந்து "இண்டைக்கு மச்சம் இல்லை" என்று சலித்துக்கொள்வார். அதை நடித்துக் காட்டிக் கன்னையாவைச் சிரிக்க வைத்தவரே ராதாகிருஷ்ணன்தான். அது இப்போதுதான் கன்னையாவுக்கு ஞாபகம் வந்தது. அவர் சிரிப்பு நின்றது.

"எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்லிட்டேன் சார்" என்றார் ராதாகிருஷ்ணன். உட்கார்ந்தார்.

கன்னையாவின் நாக்கு நுனியில் ராதாகிருஷ்ணன் தின்ற கெராங் வந்து நின்றது. சொல்லியிருக்கலாம். துணையிடம் சொன்னது துணையோடு போகும் என்று அவர் அந்த அச்சடித்த பக்கத்தைப் படித்து நம்பியிருந்தார். வாயை மூடிக்கொண்டார்.

சிவசம்பு தீர்ப்பு சொன்னார். "ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கலாம். ஆனால் ஒரு சங்கத்தில ஒரு பொருள்தான் இருக்கலாம். அது எது எண்டு கமிட்டி முடிவு செய்யும். செய்துவிட்டது. கன்னையா, நீர் பதினைந்து கிலோ குறைஞ்சது தனிமனிதச் சாதனை. அதை ஆரும் செய்யலாம். ஒரே கூட்டத்தில நூற்று மூன்று கிலோ குறைக்க நிர்வாகத் திறமை வேணும்."

நீக்கப்பட்டவரோடு உறுப்பினர் யாரும் பேசக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. கன்னையா படியிறங்கி பஸ் பிடித்தார். ஹோண்டா வாசலில் நின்றது. அதன் பின் இருக்கை வெயிலில் சூடாகிக்கொண்டிருந்தது.

*

ஆண்டுக் கூட்டத்துக்கு அவர் போயிருக்கக் கூடாது. நல்லம்மாளும் வேண்டாம் என்றாள். "நான் திருடித் தின்னேன்னு எழுதி வெச்சிருக்காங்க. அதை ஒரு ஆளாவது அழிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

டத்தோ வந்தார். கோட் போட்ட சிவசம்பு அறிக்கை வாசித்தார்.

"கன்னையா, நூற்று மூன்று கிலோ, முழுமையாகக் குறைக்கப்பட்டது."

கைதட்டல். டத்தோ அசந்துபோனார். "முழுசாவா? அவரு இப்ப எவ்வளவு இருக்காரு?"

"பூஜ்யம், டத்தோ."

"நான் இங்க இருக்கேன் சார்" என்றார் கன்னையா, எழுந்து நின்று.

மண்டபம் திரும்பியது. டத்தோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சிவசம்பு அசரவில்லை. மைக்கைக் கையால் மூடிக்கொள்ளவும் இல்லை.

"டத்தோ மன்னிக்க வேணும். அறிக்கையில இல்லாத எடை மண்டபத்தில இருக்கக் கூடாது. அறிக்கை ஏற்கப்படும் வரைக்கும் அவரை ஆராவது வெளியில வைத்திருங்கோ."

பிறகு சிறந்த துணைக்கான பதக்கத்தை அறிவித்தார். "தன் பொறுப்பில் இருந்தவரை ஒரு கிராம் மிச்சம் இல்லாமல் குறைத்த மிஸ்டர் ராதாகிருஷ்ணன்." பதக்கம் கழுத்தில் ஏறியது. மேடையிலிருந்து இறங்கிய கையோடு அவரிடமே வேலையும் கொடுத்தார்கள். பதக்கத்தோடு வந்து கன்னையாவின் முழங்கையைப் பிடித்து வாசல்வரை நடத்திப் போனவர் ராதாகிருஷ்ணன்தான்.

படிக்கட்டில் யாரும் இல்லை.

"ஏன்டா?" என்றார் கன்னையா.

"உனக்கு அடுத்த எடை நான்தான். விசாரணைக்கு முன்னாடி நாளே தலைவர் கூப்பிட்டு சொல்லிட்டாரு. யாரைக் குறைக்கிறது, அவனா நீயான்னு கேட்டாரு."

"ஒரு வார்த்தைடா. அவ்வளவுதான்."

"உனக்கு டாக்டர் இருக்காரு, வீட்டுக்காரி இருக்கா, லோரி இருக்கு. எனக்கு சனிக்கிழமையை விட்டா என்னா இருக்கு?"

கன்னையா அந்தப் பதக்கத்தைப் பார்த்தார். பித்தளை. அதில் ஒரு தராசு பொறித்திருந்தது.

"போ, உள்ள தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

*

அதற்குப் பிறகு பசித்தபோது போர்ட் கேட்டில் போனை எடுத்துப் பாதி எண்ணைச் சுழற்றி வைத்துவிடுவார். நடையைத் தனியாக நடந்தார். பாடாங் பக்கம் போகவில்லை, வேறு வழி பிடித்தார். எத்தனையோ முறை ஒரு தட்டு மட்டன் வாங்கி உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் ஒரு துண்டு தின்றால்கூட சிவசம்பு எழுதிவைத்தது உண்மையாகிவிடும். அதற்காகவே கீரையைத் தின்றார். கோபத்தோடு தின்ற கீரையும் கீரைதான்.

வருடக் கடைசியில் டாக்டர் தராசைப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு. ரெண்டு நம்பர். பிரஷரும் இறங்கியிருக்கு. சங்கம் நல்ல சங்கம்போல இருக்கே."

"ஆமா டாக்டர். என்னை முழுசா குறைச்சிட்டாங்க."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். லோரி சாவி கன்னையாவிடமே இருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை வாசலில் ஹோண்டா சத்தம் கேட்டது. ராதாகிருஷ்ணன் உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வாடியிருந்தது, வயிறு வாடவில்லை.

"மெடிக்கல் பாஸாயிட்டியாமே. சந்தோசம்லா."

"ம்."

"கேடயத்தை அடுத்த வருசமும் விடக்கூடாதுன்னு தலைவர் சொல்லிட்டாரு." கேட்டின் துருவை நகத்தால் சுரண்டினார். "சங்கத்துல இப்ப நான்தான் பெரிய எடை."

கன்னையா கேட்டைத் திறக்கவில்லை.

"நாளைக்கு நாலு மணிக்கு விசாரணை. பழைய துணை வந்து சொன்னா செல்லும்னு டீச்சர் சட்டத்துல பாத்துச் சொன்னாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். ராதா ஒழுங்கானவன்னு. கேக்க எனக்கு மூஞ்சி இல்லைதான். ஆனா என்னைத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான் கன்னையா. எனக்கு சுகர் வேற சொல்லியிருக்காங்க. சங்கத்தை விட்டுப் போனா நான் ஒரு வாரம் தாங்க மாட்டேன்."

"தெரியும்."

"வருவியா?"

கன்னையா கேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அவரை நிதானமாகப் பார்த்தார்.

"வர்றேன்."

ராதாகிருஷ்ணனின் கண் கலங்கியது. வண்டியில் ஏறிய பிறகு திரும்பினார். "அந்த கெராங் மேட்டர்..."

"அதைச் சொல்ல மாட்டேன். போ."

ஹோண்டா தெருமுனை திரும்பும்வரை நல்லம்மாள் உள்ளே காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"நாளைக்கு ஈப்போ டிரிப்புன்னு காலையிலயே சொன்னீங்களே?"

"ஆமா."

அவள் டிபன் கேரியரைக் கழுவ எடுத்தாள்.

மறுநாள் மாலை பிரிக்பீல்ட்ஸ் மாடியில் ஒருவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சாட்சி வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று கமிட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கன்னையா ஈப்போ போகும் வழியில் தாப்பா தாண்டிச் சாலையோர மரநிழலில் லோரியை நிறுத்தியிருந்தார். டிபனைத் திறந்தார். பயறும் கங்கோங்கும். முழுவதையும் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்குக்கும் அவருக்கும் நடுவே இப்போது நிறைய இடம் இருந்தது.

கொடுத்த வாக்கு இரண்டில் ஒன்றை அவர் காப்பாற்றினார். கெராங் பற்றி அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.